மேசைக்கு அடியில் கிடந்த பொட்டலம்

18.11.2024

மதிப்பிற்குரிய இருளாயி அம்மாவுக்கு,

கால்நடை டாக்டர் பிரகதீஸ்வரி எழுதுகிறேன். சென்ற ஜனவரியில் உங்கள் ஊர் பால் சொசைட்டி வாசலில் நடந்த முகாமுக்கு வந்தவள். ஜூனில் மாற்றலாகி, இப்போது திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்து மருந்தகத்தில் இருக்கிறேன். உங்கள் போன் நம்பர் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் போனில் இதைப் பேசியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் இங்கே செத்துப்போன ஒரு பசுவை அறுத்துப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கியது. ஈரலில் கத்தியை வைத்ததும் மணலை அறுப்பதுபோல நறநறவென்றது. பித்தக் குழாய்களுக்குள் வேப்பிலை போலத் தட்டையான புழுக்கள். எண்ண முடியவில்லை. ஈரல் புழு என்போம். மாட்டுக்கு எவ்வளவு தீனி போட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரத்தம் குறைந்துகொண்டே போகும். கடைசியில் தாடை வீங்கும்.

அந்தத் தாடையைப் பார்த்ததும் எனக்கு உங்கள் மயிலைப் பசு ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் போனில் பழைய படங்களைத் தேடினேன். முகாம் நடந்ததற்கு அத்தாட்சியாக மேலிடத்துக்கு அனுப்ப எடுத்த படம் ஒன்று. நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் உங்கள் பசு நிற்கிறது. தாடை தொங்குகிறது. படத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அன்று நேரில் என் கண்ணில் படவில்லை.

அன்று நான் உங்களைப் பார்த்து என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை. இந்தப் புழுவின் முட்டை கனமானது. நாங்கள் வழக்கமாகச் செய்யும் உப்புக் கரைசல் சோதனையில் மற்ற முட்டைகள் மிதக்கும், இது அடியில் தங்கிவிடும். அதனால்தான் அன்று தவறிவிட்டது.

கண்மாயில் தண்ணீர் வற்றும் ஓரத்தில் நத்தைகள் இருக்கும். அவற்றிலிருந்து வரும் புழுக் குஞ்சுகள் அங்குள்ள புல்லில் ஒட்டியிருக்கும். மாடு அதைத்தான் மேய்கிறது. உங்களிடம் இன்னொரு பசுவும் இருந்ததே, செவலை, அதுவும் அங்கேதானே மேய்ந்தது? அதற்கு உடனே ஈரல் புழு மருந்து கொடுக்க வேண்டும். தயவுசெய்து தாமதிக்க வேண்டாம்.

என்னை மன்னியுங்கள்.

இப்படிக்கு,
பிரகதீஸ்வரி


2.12.2024

டாக்டரம்மாவுக்கு இருளாயி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குக் கடிதம் வந்து பல வருடம் ஆகிறது. தபால்காரர் கொடுத்ததும் என் வீட்டுக்காரர் மூக்கன் கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார். நான் எட்டாவது வரை படித்தவள், நானே படித்துக்கொண்டேன்.

மயிலை மாசி மாதம் செத்துப்போனது. செவலை இப்போது என்னிடம் இல்லை. இரண்டும் என் மாடும் இல்லை. சொர்ணவல்லியின் மாடுகள். நான் வாரத்துக்கு வளர்த்தேன். தீனி அவள் வாங்கித் தருவாள், பாடு என்னுடையது, பாலில் பாதி, ஈனுகிற கன்றில் பாதி. சொர்ணமும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எட்டாவது வரை படித்தவர்கள். அவள் முந்திரித் தோப்புக்காரர் வீட்டில் வாக்கப்பட்டாள். நான் அந்தத் தோப்பில் கொட்டை பொறுக்கப் போனேன். இருந்தாலும் அவள் என்னை வேலைக்காரியாக நடத்தியதில்லை.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறது என்கிறீர்கள். எதற்கும் எழுதிவிடுகிறேன். "எலும்ப எண்ணலாம் போலருக்கே, தீனியே போடமாட்டியாம்மா?" என்று கேட்டீர்கள். சொர்ணம் பக்கத்தில்தான் நின்றாள். "மாசாமாசம் ரெண்டு மூட்ட புண்ணாக்கு வாங்கிக் குடுக்குறனேங்க" என்றாள். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்ப அது மாட்டு வயித்துக்குப் போகல" என்றீர்கள். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். சிரித்தார்கள்.

மயிலை செத்த மறுநாள் சொர்ணம் வந்து செவலையை அவிழ்த்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பெயர் புண்ணாக்கு இருளாயி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். என் மகள் வைஷ்ணவி கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்தால் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

நீங்கள் சோதனை செய்து தவறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முகாமுக்குச் சாணம் கொண்டுவரச் சொன்னார்கள் என்று நான் விடியற்காலையில் மயிலை போட்டதும் சூடாக எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, சிவப்பு நூலால் கட்டிக் கொண்டுவந்தேன். சாயந்திரம் எல்லோரும் போன பிறகு வாசலைக் கூட்டியதும் நான்தான். உங்கள் மேசைக்கு அடியில் என் பொட்டலம் கட்டியபடியே கிடந்தது. நூல்கூட அவிழ்க்கவில்லை.

செவலை விஷயத்தைத் தீவனக் கடை நாகராசுவிடம் சொல்லி அனுப்பினேன். சொர்ணத்தின் வாசலில் எனக்குக் கால் வராது.

இருளாயி


9.12.2024

இருளாயி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன்.

நான் சோதனை செய்யவில்லை. உப்புக் கரைசல் பற்றி எழுதியது புத்தகத்தில் உள்ள உண்மைதான். ஆனால் அன்று நான் எந்தக் கரைசலும் கலக்கவில்லை. மைக்ரோஸ்கோப் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. நூற்று நாற்பது மாடு வந்திருந்தது. சினை ஊசி, தடுப்பூசி, பதிவேடு என்று மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. பதினான்கு பேர் சாணம் கொண்டுவந்திருந்தார்கள். பதினான்கு பெயருக்கு நேராகவும் 'முட்டை இல்லை' என்று ஒரே மூச்சில் எழுதினேன். பிறகு சாப்பிடப் போனேன்.

போன கடிதத்தில் இதை மறைத்தேன். மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலேயே பொய் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குத் தெரியாது என்ற நினைப்பில்தான். நீங்கள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது நான் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தேன், உங்களைப் பார்க்கவும் செய்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமா என்று தோன்றியது. போய்விட்டேன்.

உங்களைத் திட்டியதற்கும் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பசு மெலிந்திருப்பதைப் பார்த்தேன். ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் வேண்டும். தீனி போடவில்லை என்று சொல்ல ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

என் இடத்தில் இப்போது இருக்கும் டாக்டரிடம் போனில் பேசினேன். அவர் சொர்ணவல்லி அம்மா வீட்டுக்குப் போய்ச் செவலையைப் பார்த்தார். அதற்கும் புழு இருக்கிறது. மருந்து கொடுத்துவிட்டார். தாடை வீங்குகிற அளவுக்குப் போகவில்லை, பிழைத்துக்கொள்ளும்.

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மயிலை ஈரல் புழுவால்தான் இறந்திருக்க வேண்டும், அதை நான் கவனிக்கத் தவறினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொசைட்டி செயலாளர் குழந்தைசாமி அவர்களிடம் கொடுங்கள். சொர்ணவல்லி அம்மாவிடமும் காட்டுங்கள்.

பிரகதீஸ்வரி


17.12.2024

டாக்டரம்மாவுக்கு,

செவலைக்கு மருந்து கொடுத்தது நல்லது. அந்தப் பசு இங்கே இருந்தபோது என் சேலையைச் சவைத்துக்கொண்டே நிற்கும்.

உங்கள் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கசங்காமல்தான் வைத்திருந்தேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இதைக் குழந்தைசாமியிடம் கொண்டுபோனால் அவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு மேசை டிராயரில் வைத்துவிடுவார். சொர்ணத்திடம் கொண்டுபோனால், இருளாயி எங்கிட்டோ போய் டாக்டர் காலில் விழுந்து எழுதி வாங்கி வந்திருக்கிறாள் என்று ஆகும். அன்று சிரித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நான் இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

நீங்கள் என்னைத் தாளில் திட்டவில்லை. வாயால் திட்டினீர்கள், சொசைட்டி வாசலில், காலைப் பால் ஊற்றுகிற நேரத்தில். அதே இடத்தில் வந்து சொல்லுங்கள். வர முடியாது என்றால் விட்டுவிடுங்கள், இனிமேல் கடிதமும் வேண்டாம். உங்கள் மேல் மனு எதுவும் போட மாட்டேன், பயப்பட வேண்டாம்.

உங்களுக்கு என் தங்கச்சி வயதிருக்கும். அதனால் இவ்வளவு எழுதினேன்.

இருளாயி


28.12.2024

இருளாயி அம்மாவுக்கு,

வருகிறேன். ஜனவரி ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலைப் பால் நேரத்துக்கு.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் பயம்தான். என் அம்மாவிடம் சொன்னேன். "யாருமே கேக்காதப்ப நீயா போயி எதுக்குடி மாட்டிக்கிற? ஒனக்கு இன்னும் முப்பது வருச சர்வீஸ் இருக்கு" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் இங்கே ஒரு பெண் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மெலிந்த பசு. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தீனியெல்லாம் நல்லாத்தான் போடுறேன் டாக்டர்" என்று கெஞ்சுவதுபோல் சொன்னாள். யாரோ அவளையும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். நானாகவேகூட இருக்கலாம்.

பதினான்கு பெயர்களைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மெமோ வரும். மற்ற பதிமூன்று வீட்டு மாடுகளின் சாணத்தையும் பரிசோதிக்கும்படி அங்குள்ள டாக்டரிடம் கேட்டிருக்கிறேன்.

கந்தர்வக்கோட்டை வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. நீங்கள் எனக்காக எங்கும் வந்து காத்திருக்க வேண்டாம். வாசலில் இருந்தால் போதும்.

பிரகதீஸ்வரி


8.1.2025

டாக்டரம்மாவுக்கு,

நீங்கள் போய் மூன்று நாள் ஆகிறது. இன்னும் ஊரில் அதே பேச்சுதான். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கி நேரே வாசலுக்கு வந்தீர்கள். குழந்தைசாமி நாற்காலி போட்டார், நீங்கள் உட்காரவில்லை. "அன்னைக்கு இந்த அம்மாவப் பாத்து நான் சொன்னது தப்புங்க. இவங்க குடுத்த சாணத்த நான் பிரிச்சே பாக்கல. மாட்டுக்கு ஈரல்ல புழு. இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல" என்று சொன்னீர்கள். பின்னால் இருந்து ஒருவன், "செத்த மாட்டுக்கு இப்பதான் சர்டிபிகேட்டாக்கும்" என்றான். நீங்கள் அவனைப் பார்த்து, "ஆமாங்க, லேட்டுதான்" என்றீர்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

சொர்ணம் பால் கேனைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். அழுதாள். "செவலைய நாளைக்கே அவுத்துட்டு வாரேன்டி" என்றாள். நான் கையை உருவிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் பின்னாலேயே வந்து, "கோவம் போகலையாம்மா?" என்று கேட்டீர்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

கோபம் இல்லை. எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

முகாமுக்கு முந்தின கார்த்திகையில் தம்பி மகளுக்குக் காதுகுத்து. நான் ஒரே அத்தை. அத்தை சீர் இல்லாமல் அந்தப் பந்தலுக்குள் எப்படிப் போவது? என் நாத்திமார், தம்பி பெண்டாட்டி வீட்டார் எல்லோரும் தட்டோடு வருவார்கள். மூக்கனுக்கு அப்போது வேலை இல்லை. சொர்ணத்திடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்க வெட்கமாக இருந்தது. அவள் வாங்கிக் கொடுத்த புண்ணாக்கு மூட்டைகளை நாகராசுவிடம் விற்றேன். அந்த மாத மூட்டை, அதற்கடுத்த மாத மூட்டை. மாட்டுக்குக் கண்மாய்ப் புல் நிறைய இருக்கிறதே, பச்சையாகத்தானே தின்கிறது, புண்ணாக்கு இல்லாமல் இரண்டு மாதம் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். முன்பு வரப்பில் மேய்ப்பேன். மூட்டையை விற்ற பிறகுதான் வயிறு நிறையட்டும் என்று தினமும் கண்மாய்த் தண்ணீர் ஓரத்துக்கே கொண்டுபோனேன். நீங்கள் எழுதிய அந்த நத்தைப் புல்லுக்கு.

அதனால்தான் அன்று நீங்கள் சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை. வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே உங்களிடம் சண்டைக்கு நின்றிருப்பார்கள். நீங்கள் பாராமலே சொன்னீர்கள், ஆனால் சொன்னதில் பாதி நிஜம். உங்கள் மேசைக்கு அடியில் பொட்டலத்தைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. தப்பு இவள் மேலும் இருக்கிறது என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருடம் ஓட்டினேன்.

உங்களை அவ்வளவு தூரம் வரவைத்து, எல்லோர் முன்னாலும் தலைகுனியவைத்து, என் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்லவைத்துவிட்டேன். சொல்லும்போது நான் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள். புண்ணாக்கு போட்டிருந்தால் மயிலை பிழைத்திருக்குமா?

இருளாயி


13.1.2025

இருளாயி அம்மாவுக்கு,

நீங்கள் உண்மையைக் கேட்டிருப்பதால் டாக்டராகவே பதில் சொல்கிறேன்.

புண்ணாக்கு போட்டிருந்தாலும் புழு சாகாது. மருந்து கொடுக்காமல் மயிலை பிழைத்திருக்காது. சத்து இருந்திருந்தால் இன்னும் சில வாரம் தாங்கியிருக்கலாம். அவ்வளவுதான். தாடை வீங்கிய பிறகும் மருந்து கொடுத்துப் பிழைத்த மாடுகளைப் பார்த்திருக்கிறேன். முகாம் அன்று நான் பொட்டலத்தைப் பிரித்திருந்தால், பிரிக்காவிட்டாலும் தாடையைத் தடவிப் பார்த்திருந்தால், மயிலை பிழைக்க வாய்ப்பிருந்தது.

கண்மாய்ப் புல்லைப் பற்றி: புழு முற்றிப் பசு இப்படி ஆவதற்கு மாதக்கணக்கில் ஆகும். கார்த்திகையில் மேய்ந்த புல்லால் தை மாதத்தில் தாடை வீங்காது. அதற்கு முந்தியே எங்கேயோ தொற்றியிருக்கிறது. நீங்கள் மூட்டையை விற்பதற்கு முன்பே மயிலைக்கு நோய் இருந்தது. அது மெலிந்ததற்குப் புண்ணாக்கு மட்டும் காரணம் இல்லை. ஆனால் அதற்கு எந்தப் பங்கும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் மறுபடியும் பார்க்காமலே 'முட்டை இல்லை' என்று எழுதியதாகிவிடும்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. நான் சொன்னது முழுக்கத் தப்பில்லையாம். அந்த நிம்மதி ஒரு நிமிடம்தான் இருந்தது. வந்ததே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. பொட்டலத்தைப் பார்த்து உங்களுக்கு வந்ததும் இதேதான், இல்லையா?

சொர்ணவல்லி அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் உள்ளது. நான் அந்த வாசலில் சொன்னதை ஊர் எப்படி வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான். நான் பொய்யாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

மெமோ வந்துவிட்டது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் இன்னும் நான்கு வீட்டு மாடுகளுக்கு முட்டை இருந்ததாம். எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்தாயிற்று.

பிரகதீஸ்வரி


20.1.2025

டாக்டரம்மாவுக்கு,

மாட்டுப் பொங்கல் அன்று ஒன்றும் செய்யவில்லை. கொட்டில் காலியாக இருந்தது. மறுநாள் காலையில் சொர்ணம் வீட்டுக்குப் போனேன். ஒரு வருடம் கழித்து.

அவள் அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தாள், செவலையைக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து. நான் வாசற்படிக்குக் கீழேயே நின்று சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், அங்கே போனதும் எல்லாம் மறந்துபோனது. "புண்ணாக்க நான் வித்தேன்டி" என்றேன்.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"எத்தன மாசம்?"

"ரெண்டு மாசத்து மூட்ட."

"எதுக்கு?"

"தம்பி மக காதுகுத்துக்கு. சீர் வைக்க."

"என்கிட்ட கேட்டா குடுத்துருக்க மாட்டேனா?"

"குடுத்துருப்ப. கேக்க வெக்கமா இருந்துச்சு."

"டாக்டரு எல்லார் முன்னாடியும் சொன்னாங்களே, அப்ப நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"ஆமா."

"இப்ப மட்டும் ஏன்டி வந்து சொல்ற? யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

நீங்கள் நின்றதைப் பார்த்தேன், அதனால்தான் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வரவில்லை.

அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவும் இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. போகலாமா, நிற்கலாமா என்று தெரியவில்லை. தெருவில் போனவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். போன வருடம்போல ஓடி ஒளிய வேண்டும் என்று தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அங்கேயே நிற்க முடிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து சத்தம் வந்தது. வெளியே வராமலே பேசினாள். கோபமாகத்தான் பேசினாள்.

"செவலைக்கு இன்னும் தண்ணி காட்டல. கொட்டில்ல வாளி இருக்கு, மூட்டையும் அங்கதான் இருக்கு. ரெண்டு படி புண்ணாக்கு அள்ளிக் கரைச்சு வச்சிட்டுப் போ."

போய் அள்ளினேன். அவள் வந்து பார்க்கவில்லை.

இருளாயி